கணக்கு சொல்வதும் ரத்தம் சொல்வதும்



நம்ம பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, சிலபஸில் இல்லாத இரண்டு பாடங்களை நாம் கற்றுக்கொண்டு விடுகிறோம். ஒன்று, "ரீடிங் குக் பண்ணுறது". ஃபார்முலாவில் விடையை முதலில் போட்டு, அதிலிருந்து பின்னால் வந்து ரீடிங்கை எழுதுகிற கலை. இன்னொன்று, சீனியர்கள் நமக்கு அருளும் பொன்மொழி: "தம்பி, தியரி வேற, பிராக்டிகல் வேற!"

முதலாவது, கண்ணால் பார்த்ததைக் கணக்குக்காக மாற்றுவது. இரண்டாவது, கணக்கும் கண்ணும் ஒத்துப்போகாவிட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போவது. இரண்டும் வேறு வேறு மாதிரி தெரியும். ஆனால் இரண்டும் ஒரே சோம்பேறித்தனம்தான் என்பது என் கருத்து. கணக்குக்கும் ரீடிங்குக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால், அந்த இடைவெளி நமக்கு ஏதோ சொல்ல வருகிறது. அதைக் கேட்காமல் வாயை மூடுகிறோம்.

இதை ஓம் விதியை வைத்தே சொல்லலாம். ஆனால் லேப்பில் ஒரு ரெசிஸ்டர் தப்பானால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே உயிர் சம்பந்தப்பட்ட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். அது மருந்துக் கணக்கு. ஆங்கிலத்தில் ஃபார்மகோகைனெட்டிக்ஸ் என்று பெரிய பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் நண்பர்களே, விஷயம் நமக்குத் தெரிந்ததுதான்.

உடம்பு ஒரு தொட்டி

மாத்திரை போட்டால் மருந்து ரத்தத்தில் சேருகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை வெளியே தள்ளுகின்றன. அடியில் ஓட்டை உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய், கீழே ஓட்டை. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு இன்னும் சுலபம்: ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் ஆகும் கெப்பாசிட்டர். வோல்டேஜ் எப்படி இறங்குகிறதோ, பல மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இறங்குகிறது. செமி-லாக் தாளில் வரைந்தால் நேர்கோடு வரும். பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறார்கள்.

1937-ல் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த டார்ஸ்டன் டியோரெல் என்பவர் இப்படிப்பட்ட சமன்பாடுகளை முதன்முதலில் முறையாக எழுதி வெளியிட்டார். 1980 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் லூயிஸ் ஷைனர், ஸ்டூவர்ட் பீல் என்ற இருவர், ஒருவருக்கு மட்டுமல்ல, ஒரு கூட்டத்துக்கே இந்தக் கணக்கைப் போடும் 'நான்மெம்' என்ற கம்ப்யூட்டர் புரோகிராமை உருவாக்கினார்கள். இன்றைக்கு ஒரு மருந்துக்கு எத்தனை மி.கி., எத்தனை வேளை என்று முடிவு செய்வதற்கு முன், கம்ப்யூட்டரில் ஆயிரம் கற்பனை நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதுதான் சிமுலேஷன். பிறகு உண்மையான நோயாளிகளின் ரத்த ரீடிங்கோடு ஒப்பிடுகிறார்கள்.

ஒத்துவராவிட்டால்?

அங்கேதான் நம்ம பொன்மொழி செல்லாது. "சிமுலேஷன் வேற, நோயாளி வேற" என்று கையைக் கழுவ முடியாது.

ஒரே அறிகுறி, மூன்று நோய்

கணக்கு சொன்னதைவிட ரத்தத்தில் மருந்து அதிகமாக இருக்கிறது. இந்த ஒரே அறிகுறிக்கு மூன்று உண்மைக் கதைகள் சொல்கிறேன்.

முதல் கதை ஃபெனிடாயின். வலிப்புக்குக் கொடுக்கும் பழைய மருந்து. ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 10 முதல் 20 மி.கி. வரை இருந்தால் பொதுவாக நல்லது. இதை வெளியேற்றும் கல்லீரல் என்சைமுக்கு ஒரு வரம்பு உண்டு. நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் ஊற்ற ஒரே ஆள் நிற்கிற மாதிரி. கூட்டம் குறைவாக இருக்கும்வரை பிரச்சனை இல்லை. அவரால் முடிந்த வேகத்தைக் கூட்டம் நெருங்கிவிட்டால் கியூ வாசல் தாண்டிப் போய்விடும்.

பாடநூல்களில் தரும் சராசரி எண்களையே போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ளவரின் உடம்பு ஒரு நாளில் அதிகபட்சம் சுமார் 420 மி.கி. வெளியேற்றும். என்சைம் பாதி வேகத்தில் வேலை செய்யும் அளவு, லிட்டருக்கு 4 மி.கி. தினமும் கொடுக்கும் அளவை 4-ஆல் பெருக்கி, 420-லிருந்து அந்த அளவைக் கழித்து வருவதால் வகுத்தால், ரத்தத்தில் கடைசியாக நிலைத்து நிற்கும் அளவு கிடைக்கும். கால்குலேட்டரை எடுங்கள். தினம் 300 மி.கி. கொடுத்தால் 10. தினம் 350 கொடுத்தால் 20. தினம் 400 கொடுத்தால்... 80! அந்த 80-ஐ எட்டுவதற்கு ரொம்ப நாள் முன்பே ஆள் படுத்துவிடுவார் என்பது வேறு விஷயம். நேர்கோட்டுக் கணக்குப் போட்டவரோ 13-தான் வரும் என்று நிம்மதியாக இருப்பார்.

இது எனக்கு வெறும் கணக்கு அல்ல. எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் மாத்திரை அட்டையைப் படிப்பது, ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துச் சொல்வது எல்லாம் என் வேலை. என் சித்தப்பாவுக்கு இதே மருந்துதான். தினம் 300-ல் ரத்த ரீடிங் 10 இருந்தது. வலிப்பு நிற்கவில்லை என்று 400 ஆக்கினார்கள். சில வாரத்தில் அவருக்கு நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. தெருவில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். "பகல்லயே போட்டுட்டு வர்றான் பாரு!" வாழ்நாளில் குடிக்காத மனுஷன். பிறகு பார்த்த டாக்டர்தான், "மாத்திரையைக் கூட்டினது எப்போ? நடை மாறினது எப்போ?" என்று தேதி கேட்டார். ரத்தம் எடுத்தார்கள். ரீடிங் 32. சில நாள் நிறுத்தி, பிறகு 350-ல் நிறுத்தினார்கள். இப்போது நன்றாக நடக்கிறார். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. 13 வரவேண்டிய இடத்தில் 32 வந்தபோது, "மெஷின் தப்பாக இருக்கும்" என்று அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது கதையும் ஃபெனிடாயின்தான். ஆனால் நோய் வேறு. 1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், வருஷக்கணக்காக அதே அளவு மருந்து சாப்பிட்டு நன்றாக இருந்த நோயாளிகள் பலருக்கு வரிசையாக விஷ அறிகுறிகள் வந்தன. அளவை யாரும் கூட்டவில்லை. கடைசியில் தேடிப் பார்த்தால், கேப்சூலில் இடத்தை நிரப்பப் போடும் தூளை மாற்றியிருந்தார்கள். முன்பு கால்சியம் சல்ஃபேட், பின்பு லாக்டோஸ். பழைய தூள் மருந்தை முழுசாக உள்ளே போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. புதிய தூள் விட்டுவிட்டது. தொட்டியும் அதேதான், ஓட்டையும் அதேதான். மேலே குழாயில் வரும் தண்ணீர்தான் கூடிவிட்டது!

மூன்றாவது கதை கனடா நாட்டின் லண்டன் நகரில் நடந்தது (ஆம், அங்கேயும் ஒரு லண்டன் இருக்கிறது). டேவிட் பெய்லியின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தது. மதுவின் ருசி தெரியாமல் மறைக்க கிரேப்ஃப்ரூட் பழச்சாறு கலந்தார்கள். நம்ம ஊர் பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம் அது. ரத்த ரீடிங் முந்தைய ஆய்வுகளைவிட மிக அதிகமாக வந்தது. மது சேராத வெறும் சாறு குடித்தவர்களுக்கும் அப்படியே. அதை அவர்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. துருவிப் பார்த்து 1989-ல் வெளியிட்டார்கள். 1991-ல் வந்த அடுத்த ஆய்வில், தண்ணீரோடு சாப்பிடுவதைவிடச் சாறோடு சாப்பிட்டால் உடம்பில் சேரும் மருந்து சராசரியாக 2.8 மடங்கு என்று காட்டினார்கள். குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் என்சைமை அந்தச் சாறு முடக்குகிறது. இன்று பல மருந்துகளோடு வரும் குறிப்புச் சீட்டில் கிரேப்ஃப்ரூட் எச்சரிக்கை இருக்கிறது. அதற்கு மூலம், கணக்கோடு பொருந்தாத சில ரீடிங்குகள்!

பார்த்தீர்களா நண்பர்களே? முதல் கதையில் சமன்பாட்டின் வடிவமே தப்பு. இரண்டாவதில் உள்ளே போகும் அளவு தப்பு. மூன்றாவதில் கணக்கிலேயே சேராத வெளியாள் ஒருவர் உள்ளே புகுந்துவிட்டார். அறிகுறி ஒன்று, காரணம் மூன்று. ஆகவே மருந்துக்கு மட்டுமல்ல, மாடலுக்கும் நோய் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கே தேடுவது?

முதலில் ரீடிங் பக்கம். காரணம், அதைச் சரிபார்ப்பது சுலபம், செலவும் குறைவு.

யூனிட் சரியா? ஃபெனிடாயின் சோடியம் என்ற உப்பு 100 மி.கி. என்றால், அதில் உண்மையான ஃபெனிடாயின் சுமார் 92 மி.கி.தான். புரோகிராமில் 100 என்று அடித்தால் ஆரம்பமே தப்பு.

கடிகாரம் சரியா? எட்டு மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று சார்ட்டில் இருக்கும். எடுத்தது எட்டே முக்காலாக இருக்கும். எழுதியது எட்டு. மருந்து வேகமாக ஏறும் நேரத்தில் அந்த முக்கால் மணி, கோட்டையே இடம் மாற்றிவிடும்.

கருவியின் எல்லை என்ன? மிகக் குறைந்த அளவைக் கருவியால் பார்க்க முடியாது. அந்த சாம்பிள்களை "இல்லை" என்று தூக்கிப் போட்டுவிட்டால், மிச்சம் இருப்பவை எல்லாம் உயர்ந்த ரீடிங்குகளாக இருக்கும். கடைசி மணிநேரங்களில் சிமுலேஷன் தப்பு மாதிரித் தெரியும். தப்பு சிமுலேஷனில் இல்லை, நாம் தூக்கிப் போட்டதில்!

நாம் அளந்ததும் மாடல் சொன்னதும் ஒரே பொருளா? ரத்தத்தில் உள்ள ஃபெனிடாயினில் சுமார் 90 சதவீதம் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை செய்வது ஒட்டாத மிச்சம்தான். லேப் பெரும்பாலும் மொத்தத்தைத்தான் அளக்கும். ஆல்புமின் 2 கிராமாக (100 மி.லி.க்கு) இறங்கிப்போன ஒருவரின் ரீடிங் 8 என்றால், ஷைனர்–டோசர் சூத்திரப்படி அது மற்றவர்களின் 16-க்குச் சமம். "8 தானே, குறைச்சல்" என்று மருந்தைக் கூட்டினால் ஆபத்து.

இவ்வளவும் சரியென்றால் மாடல் பக்கம் திரும்ப வேண்டும். இங்கே ஒரு கிராஃப் போதும். ரீடிங்கிலிருந்து கணக்கைக் கழித்து, வரும் வித்தியாசத்தை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். சைபருக்கு மேலும் கீழும் கலந்து சிதறினால் பரவாயில்லை. அதில் ஒரு வடிவம் தெரிந்தால் அதுதான் துப்பு. ஆரம்ப நேரத்தில் மட்டும் தப்பினால், வயிறும் குடலும் மருந்தை உறிஞ்சும் பகுதியைப் பாருங்கள். செமி-லாக் தாளில் நேர்கோடு வராமல் வளைந்து வால் நீண்டால், ரத்தத்தோடு இணைந்த இரண்டாவது தொட்டி ஒன்று, அதாவது தசை, கொழுப்பு போன்ற இடம், இருக்கலாம். டோஸ் கூடக்கூட வித்தியாசம் பெரிதானால், என்சைம் வரம்பைத் தொடுகிறது. எல்லா ரீடிங்கும் ஒரே விகிதத்தில் விலகினால் யூனிட், காலிபரேஷன் அல்லது உள்ளே போகும் அளவு. ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு எல்லாருக்கும் மாறினால், பிரிஸ்பேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் என்றால், அவருடைய சிறுநீரகம், கல்லீரல், கூடச் சாப்பிடும் வேறு மருந்து ஆகியவற்றை விசாரிக்க வேண்டும்.

கடைசியாக, சிதறல். மனுஷனுக்கு மனுஷன் உடம்பு வேறு. அதனால் நடுக்கோடு மட்டும் பொருந்தினால் போதாது. ஆயிரம் தடவை சிமுலேஷன் ஓட்டி, 5, 50, 95 சதவீதப் புள்ளிகளை இணைத்து ஒரு பட்டை வரைகிறார்கள். உண்மையான ரீடிங்குகளை அதன் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். 'விஷுவல் பிரெடிக்டிவ் செக்' என்று பெயர். நூறு ரீடிங்கில் சுமார் பத்து, பட்டைக்கு வெளியே விழுவது இயல்பு. முப்பது விழுந்தால் மாடலில் கோளாறு. ஒன்றுகூட வெளியே விழாவிட்டால்? அதுவும் கோளாறுதான்! சிதறலைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். அளவுக்கு மீறிய பொருத்தமும் சந்தேகத்துக்கு உரியது. எல்லாப் புள்ளியும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் நம்ம ரெக்கார்டு நோட்டுகளை இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்போமா?

ஒட்டுப் போடுவது வைத்தியம் ஆகாது

"ஒரு நம்பரை மாற்றினால் கோடு பொருந்திவிடுமே" என்று சிலர் சொல்லலாம். பொருந்தும். என் சித்தப்பாவின் எண்களையே எடுத்துக்கொள்வோம். தினம் 300-க்கு 10 என்றால், ஒரு நாளில் சுத்தமாகும் ரத்தத்தின் அளவு 30 லிட்டர். 400-க்கு 32 வந்ததே என்று அதை 12.5 லிட்டர் என்று மாற்றிவிட்டால் 400 பொருந்திவிடும். ஆனால் அதே 12.5-ஐ வைத்து 300-க்குக் கணக்குப் போட்டால் 24 வரும். உண்மையில் இருந்ததோ 10. ஓர் ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை! ஒட்டுப் போட்ட மாடல், போட்ட இடத்தில் மட்டும்தான் பொருந்தும். காரணம் தெரிந்து திருத்திய மாடல், நாளைக்கு வரும் 350-க்கும் பதில் சொல்லும். இரண்டையும் பிரித்துக் காட்டும் உரைகல் இதுதான்.

இரண்டு மறுப்புகள்

"மூணு மணி நேர லேப்பில் இதற்கெல்லாம் எங்கே நேரம்? எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் நேர்கோட்டைத்தானே கேட்கிறார்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மார்க் போனால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். கடன் வாங்கி ஃபீஸ் கட்டும் வீட்டுப் பிள்ளைகளிடம் போய், "மார்க்கைப் பார்க்காதே" என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் இதை மாணவர்களின் ஒழுக்கப் பிரச்சனையாக மட்டும் நான் பார்க்கவில்லை. மார்க் போடும் முறையும் மாற வேண்டும். ஒத்துவராத ரீடிங்கை அப்படியே எழுதி, ஏன் ஒத்துவரவில்லை என்று காரணம் தேடியவனுக்கு முழு மார்க் உண்டு என்று ஒரு விதி வந்தால், குக்கிங் தானாகவே அணைந்துவிடும்.

"மாடல், சிமுலேஷன் எல்லாம் டாக்டரேட் வாங்கியவர்கள் சமாச்சாரம். டிப்ளமோக்காரன் நமக்கு எதற்கு?" இது இரண்டாவது மறுப்பு. இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. ரத்தம் எடுத்த நேரத்தை எழுதுவது யார்? கருவியைக் காலிபரேட் செய்வது யார்? பம்ப்பின் ஓட்டத்தைச் சரிபார்ப்பது யார்? மருந்துக் கம்பெனியாகட்டும், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமாகட்டும், அனல்மின் நிலையமாகட்டும், மீட்டர் முன்னால் நிற்கப்போவது நாம். மேலே உட்கார்ந்து சமன்பாடு எழுதுபவருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் எண்தான் கண். அந்த எண்ணில் பொய் கலந்தால், எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவராலும் அதிலிருந்து உண்மையை எடுக்க முடியாது. பதினெட்டு வயதில் ரீடிங்கைக் குக் பண்ணிப் பழகிய கை, இருபத்தெட்டு வயதில் திடீரென்று திருந்திவிடுமா?

என் கோரிக்கை

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்ட்டுக்கும் பின்னால் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். "கணக்கு என்ன சொன்னது, ரீடிங் என்ன சொன்னது, ஏன் வித்தியாசம்?" இந்த மூன்று கேள்விகள் போதும். அதற்கு மார்க்கும் கொடுங்கள்.

நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் சின்னது. ரீடிங்கைப் பேனாவால் எழுதுங்கள், எடுத்த நேரத்தோடு எழுதுங்கள். தப்பாகத் தோன்றினால் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், அழிக்காதீர்கள். ஒத்துவராதபோது யூனிட், கடிகாரம், கருவி, அதன் பிறகு ஃபார்முலா என்ற வரிசையில் தேடுங்கள். "தியரி வேற, பிராக்டிகல் வேற" என்று யாராவது சொன்னால், "எவ்வளவு வேற? எந்த இடத்தில் வேற?" என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விக்குப் பதில் தேடினால், நாம் படிக்கும் தியரியும் வளரும், செய்யும் பிராக்டிகலும் வளரும்.

வெளியே வரிசையில் நிற்கும் நோயாளிக்கு மாடலின் பெயர் தெரியாது, நம்ம பெயரும் தெரியாது. அவர் விழுங்கப்போகும் மாத்திரையின் அளவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் எழுதிய ரீடிங் இருக்கிறது. அந்த யாரோ ஒருவர் நாமாக இருக்கும் நாளில், எழுதியது உண்மையாக இருக்கட்டும்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்டு கண்ட்ரோல் பிரிவு